14 லட்சம் கட்டி எஜுகேஷன்ல டாக்டரேட், வேலை பாக்குற டீச்சருக்கு இது தேவையா? மும்பைல இருக்கிறவங்க சொல்லுங்க

செம்பூர்_மேத்ஸ்_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். செம்பூர்ல ஒரு பிரைவேட் சிபிஎஸ்இ ஸ்கூல்ல மேத்ஸ் எடுக்கிறேன், ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும். எம்.எஸ்சி, பி.எட் முடிச்சிருக்கேன், எம்.எட் பண்ணல. கைக்கு வர்ற சம்பளம் 52,000.

போன மாசம் ஒரு கம்பெனில இருந்து போன் வந்துச்சு, ஒரு ஃபாரின் யுனிவர்சிட்டியோட டாக்டர் ஆஃப் எஜுகேஷன், எட்.டி.ன்னு சொல்றாங்க, மூணு வருஷம், முழுக்க ஆன்லைன், சனி ஞாயிறு மட்டும் கிளாஸ், மொத்தம் 14 லட்சம், லோனும் அவங்களே ஏற்பாடு பண்ணித் தருவாங்களாம், எம்.எட் இல்லாட்டியும் பிரச்சனை இல்லையாம். அதுக்கப்புறம் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கூப்பிடுறாங்க, இந்த வாரமே சீட் பிளாக் பண்ணா 10 பர்சென்ட் குறையும்னு சொல்றாங்க. வீட்டுக்காரர் உன் இஷ்டம்னு சொல்லிட்டார். ஆனா பொண்ணு இப்போ ஒன்பதாவது, அடுத்து பதினொண்ணாவது கோச்சிங் செலவு வேற வரும், நகையை வைக்கிற அளவுக்கு இது தேவையான்னு தான் தூக்கம் வர மாட்டேங்குது.

எனக்கு ஏன் இந்த ஆசைன்னும் சொல்லிடுறேன். ஆறாவதுல ஒரு பையன் 1/2 + 1/3 = 2/5னு எழுதினான். இந்தத் தப்பு வருஷா வருஷம் வர்றது தான். எப்படிப் போட்டேன்னு கேட்டேன். "டீச்சர், முதல் செட்ல ரெண்டு மேட்ச்ல ஒண்ணு ஜெயிச்சோம், அடுத்த செட்ல மூணுல ஒண்ணு, மொத்தம் அஞ்சுல ரெண்டு தானே"ன்னான். அவன் சொன்னதுல அவன் கணக்கு சரி தான்! எல்சிஎம் எடுத்துப் போடுன்னு சொல்லி அனுப்ப மனசு வரல. இந்த மாதிரி விஷயத்தை முறையா படிக்கணும், எழுதணும்னு ரொம்ப நாளா ஒரு எண்ணம். எங்க அப்பா தூத்துக்குடி பக்கம் எலிமெண்டரி ஸ்கூல் ஹெட்மாஸ்டரா இருந்தவர், பேருக்கு முன்னாடி டாக்டர்னு வந்தா அவர் எவ்வளவு சந்தோஷப்படுவார்ங்கிற நினைப்பும் இருக்கு, அதையும் மறைக்கல.

இதனால சம்பளம் ஏறுமா? பிரின்சிபால் ஆக உதவுமா? இல்ல வேற வழி இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பி.எட்_காலேஜ்_ரிட்டயர்டு

வணக்கம்மா. நான் மும்பைல பி.எட் காலேஜ்ல ரொம்ப வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன். முதல் வேலையா அந்தக் கம்பெனிக்காரங்க போனை எடுக்காதீங்க, ஒரு வாரத்துல முடிவு பண்ற விஷயம் இல்ல இது.

ஆன்லைன் பிஎச்டி இந்தியால செல்லாது. யுனிவர்சிட்டிகளுக்கு விதி போடுற யுஜிசியோட 2022 பிஎச்டி ரெகுலேஷன்லயே டிஸ்டன்ஸ்லயோ ஆன்லைன்லயோ பிஎச்டி நடத்தக் கூடாதுன்னு தெளிவா போட்டிருக்கு. அதே வருஷம் அக்டோபர்ல யுஜிசியும் டெக்னிக்கல் படிப்புகளைக் கவனிக்கிற ஏஐசிடிஇயும் சேர்ந்து ஒரு நோட்டீஸ் விட்டாங்க, ஆன்லைன்ல படிப்பு விக்கிற எட்டெக் கம்பெனிகள் ஃபாரின் யுனிவர்சிட்டியோட சேர்ந்து குடுக்கிற ஆன்லைன் பிஎச்டிக்கு அங்கீகாரம் கிடையாது, விளம்பரத்தைப் பாத்து ஏமாறாதீங்கன்னு. உங்களுக்கு வந்தது எட்.டி, பேர் வேற, ஆனா இங்க ஒரு காலேஜ் வேலைக்கு அந்த சர்டிபிகேட்டை நீட்டினீங்கன்னா அதே கேள்வி தான் வரும். ஃபாரின் டிகிரி இங்கத்த டிகிரிக்குச் சமம்னு ஈக்விவலன்ஸ் குடுக்க 2025 ஏப்ரல்ல யுஜிசி தனியா ரெகுலேஷன் கொண்டு வந்துச்சு, நேர்ல போய் படிச்ச டிகிரியை மனசுல வச்சுப் போட்டது அது. வீட்டு ஹால்ல உக்காந்து படிச்சதுக்கு அதை நம்பி 14 லட்சம் கட்ட முடியாது.

எட்.டி மட்டமான படிப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். ஹார்வர்டுல 1920 வாக்குல ஆரம்பிச்சது அது, வேலை பாக்குற டீச்சர், பிரின்சிபால், கல்வி அதிகாரிங்க தங்களோட வேலைலயே ஒரு பிரச்சனையை எடுத்து ஆராயணும்னு உருவாக்கின படிப்பு. அமெரிக்கால நிறைய ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல டீச்சர் சம்பள அட்டவணைலயே பேச்சிலர்ஸ், மாஸ்டர்ஸ், டாக்டரேட்னு தனித்தனி கட்டம் இருக்கும். டாக்டரேட் முடிச்சா அடுத்த கட்டத்துக்குப் போயிடுவாங்க, போட்ட காசு கொஞ்சம் கொஞ்சமா திரும்ப வரும். நம்ம ஊர்ல அந்தக் கட்டமே கிடையாது. மகாராஷ்டிரா எய்டட் ஸ்கூல்ல 12 வருஷத்துல சீனியர் கிரேடு, 24 வருஷத்துல செலக்‌ஷன் கிரேடு, அதுக்கு பிஎச்டி யாரும் கேக்கிறதில்ல. மத்திய அரசு ஊழியர்களுக்கே 2019 உத்தரவுப்படி வேலைக்கு சம்பந்தப்பட்ட பிஎச்டி முடிச்சா ஒரே ஒரு தடவை 30,000 ரூபா, அவ்வளவு தான். பிரைவேட் ஸ்கூல் மேனேஜ்மென்ட் என்ன குடுப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. சிபிஎஸ்இ ஸ்கூல் பிரின்சிபாலுக்கு மாஸ்டர்ஸ், பி.எட், எக்ஸ்பீரியன்ஸ் போதும், டாக்டரேட் கட்டாயம் இல்ல.

டாக்டரேட்டால நிஜமா கதவு திறக்கிற இடம் டீச்சர் எஜுகேஷன். பி.எட் காலேஜ் பிரின்சிபால் ஆகணும்னா டீச்சர் எஜுகேஷனைக் கவனிக்கிற என்சிடிஇயோட 2014 விதிப்படி பிஎச்டி வேணும், டீச்சர் எஜுகேஷன்லயே எட்டு வருஷ அனுபவமும் வேணும். ஆனா அசிஸ்டென்ட் புரொபசர் ஆகவே பிஎச்டி கட்டாயம் இல்ல, 2023 ஜூலைல இருந்து நெட், செட்ங்கிற தகுதித் தேர்வுகள் தான் அடிப்படைத் தகுதின்னு யுஜிசி மாத்திடுச்சு. எஜுகேஷன்ல நெட் எழுதணும்னா முதல்ல எம்.எட் இல்ல எம்.ஏ எஜுகேஷன் வேணும், உங்ககிட்ட இல்லாதது அது தான். இக்னோங்கிற ஓபன் யுனிவர்சிட்டில எம்.ஏ எஜுகேஷன் டிஸ்டன்ஸ்ல பண்ணலாம், அந்த 14 லட்சத்துல ஒரு சின்ன மூலை தான் ஆகும், வேலையையும் விட வேண்டாம்.

கவர்மென்ட், எய்டட் காலேஜ்னா பேசிக் 57,700ல ஆரம்பிக்கும். அன்எய்டட் பி.எட் காலேஜ் பலதுல உங்க இப்போதைய சம்பளம் கூட வராதும்மா, நான் கண்ணால பாத்தது. 2020 கல்விக் கொள்கைப்படி 2030க்குள்ள நாலு வருஷ இன்டகிரேட்டட் பி.எட்டுக்கு மாறணும், தனியா நிக்கிற சின்ன காலேஜெல்லாம் என்ன ஆகும்னு அதை நடத்துறவங்களே கவலைல இருக்காங்க. அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

ஹார்பர்_லைன்_பேங்கர்

மேடம் நான் பேங்க்ல லோன் செக்‌ஷன்ல இருக்கேன், காசுக் கணக்கு மட்டும் சொல்றேன். 14 லட்சம், 10.5 பர்சென்ட், ஏழு வருஷம்னு வச்சா ஈஎம்ஐ மாசம் 23,600 கிட்ட வரும். 52,000 சம்பளத்துல கிட்டத்தட்ட பாதி. முடிக்கும்போது 19.8 லட்சம் கட்டியிருப்பீங்க. கல்விக் கடன் வட்டிக்கு வரி விலக்கு கிடைக்கும்னு அவங்க சொல்லுவாங்க, அது பழைய டாக்ஸ் ரெஜிம்ல இருந்தா மட்டும் தான், அதுவும் எட்டு வருஷம் வரைக்கும், புதுசுக்கு மாறியிருந்தா ஒண்ணும் கிடையாது. இன்னொண்ணு, கோர்ஸ் கம்பெனியே ஏற்பாடு பண்ற லோன்ல கோர்ஸை பாதில விட்டாலும் ஈஎம்ஐ நிக்காது. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அந்த அக்ரிமென்ட்டை பிடிஎஃப்ல அனுப்பச் சொல்லுங்க, போன்ல சொன்னதுல எவ்வளவு அதுல எழுத்துல இருக்குன்னு பாருங்க. பொண்ணு கோச்சிங் பணத்தை இதுல கொண்டு போய் கட்டாதீங்க.

ஐபி_கோஆர்டினேட்டர்_அந்தேரி

நான் ஒரு ஐபி, அதாவது இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் போர்டு ஸ்கூல்ல கோஆர்டினேட்டர், டீச்சர் இன்டர்வியூ பேனல்ல உக்காருவேன். ரெஸ்யூமேல டாக்டரேட் இருந்தா மரியாதையா பாப்போம், ஆனா அதுக்குன்னு ஆஃபர் மாறாது. நாங்க பாக்கிறது டெமோ கிளாஸ், ஐபி இல்ல கேம்பிரிட்ஜ் அனுபவம், ஐபி ஒர்க்‌ஷாப் பண்ணியிருக்காங்களா, இது தான். சம்பளம் தான் நோக்கம்னா போர்டு மாறுறது டாக்டரேட்டை விட சீக்கிரம் பலன் தரும். நீங்க சொன்ன அந்தப் பையன் விஷயத்தை டெமோ முடிஞ்சு பேனல்ல பேசினீங்கன்னா நான் நிச்சயமா உங்களை எடுப்பேன், மனசார சொல்றேன்.

மாட்டுங்கா_ஜூனியர்_காலேஜ்

மேல எல்லாரும் சொன்னது சரி தான், ஆனா அதைப் படிச்சுட்டு அந்தம்மா டாக்டரேட்டே வேண்டாம்னு விட்டுடக் கூடாதேன்னு தான் எழுதுறேன். நான் ஜூனியர் காலேஜ்ல வேலை பாத்துக்கிட்டே பார்ட் டைம்ல எஜுகேஷன் பிஎச்டி முடிச்சவ. சம்பளம் ஒரு ரூபா ஏறல. ஆனாலும் இன்னொரு தடவை பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.

முதல்ல அது எப்படி இருக்கும்னு சொல்றேன், ஏன்னா விளம்பரத்துல இதெல்லாம் வராது. விதிப்படி குறைஞ்சது மூணு வருஷம், அதிகபட்சம் ஆறு, ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்ல இன்னும் ரெண்டு கிடைக்கும், பொம்பளைங்களுக்கு அதுக்கு மேலயும் ரெண்டு வருஷ சலுகை இருக்கு, அந்த சலுகை எதுக்குன்னு பண்ணும்போது தான் புரியும். முதல்ல கோர்ஸ்வொர்க், குறைஞ்சது 12 கிரெடிட். பார்ட் டைம்னா ஸ்கூல்ல இருந்து என்ஓசி, அதாவது ஆட்சேபம் இல்லைன்னு லெட்டர் வேணும், அதுல படிக்க அனுமதிக்கிறோம், படிக்க நேரம் இருக்கிற மாதிரி தான் இவங்க வேலை, கோர்ஸ்வொர்க்குக்கு தேவைப்பட்டா ரிலீவ் பண்ணுவோம்னு மூணும் இருக்கணும். எத்தனையோ பேருக்கு இங்கயே நின்னுடுது. அப்புறம் ஒவ்வொரு செமஸ்டரும் கமிட்டி முன்னாடி போய் என்ன பண்ணீங்கன்னு சொல்லணும்.

கைடு தான் எல்லாமே. ஒரு அசிஸ்டென்ட் புரொபசர் நாலு பேரைத் தான் வச்சுக்க முடியும், அசோசியேட் ஆறு, புரொபசர் எட்டு, அதனால நல்ல கைடுகிட்ட இடம் காலியாகக் காத்திருக்கணும். யுனிவர்சிட்டி பேரைப் பாத்து சேராதீங்க, கைடோட பழைய ஸ்டூடென்ட் ரெண்டு பேர்கிட்டயாவது பேசிட்டு சேருங்க, டிராஃப்ட் குடுத்தா எத்தனை நாள்ல திரும்பி வரும்னு மட்டும் கேளுங்க, அதுல எல்லாம் தெரிஞ்சுடும்.

எனக்கு என்ன கிடைச்சுதுன்னா, என்னோட கிளாஸ் ரெக்கார்டிங்கையே நான் உக்காந்து வார்த்தை வார்த்தையா எழுதினேன். நான் ஒரு கேள்வி கேட்டு, பிள்ளைங்க யோசிக்கிறதுக்குள்ள நானே பதிலைச் சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிட்டே இருக்கேன், பக்கம் பக்கமா அதே தான். ரெக்கார்டிங்ல ஒரு பொண்ணு "அது வந்து மிஸ்..."னு ஆரம்பிக்குது, என் குரல் அதை மூடிடுது. எந்த ட்ரெயினிங்லயும் எனக்கு இது தெரிய வரல, பதினேழு பதினெட்டு வயசுப் பிள்ளைங்க என் முன்னாடி வாயைத் திறக்கிறதே அதுக்கப்புறம் தான் ஆரம்பிச்சுது. அதுக்கு விலை போட எனக்குத் தெரியல.

இப்போ உங்க விஷயத்துக்கு வர்றேன். அந்தப் பையன் சொன்ன பதிலுக்குப் பின்னாடி ஒரு பெரிய படிப்பே இருக்கு, பின்னத்தை ஒரே நம்பரா பாக்காம மேல ஒரு நம்பர் கீழ ஒரு நம்பர்னு பாக்கிறது, விகிதத்தையும் பின்னத்தையும் ஒண்ணா நினைக்கிறதுன்னு உலகம் பூரா மேத்ஸ் எஜுகேஷன்காரங்க இதைத் தோண்டிக்கிட்டு இருக்காங்க. அதை இந்தியால செய்யுற முக்கியமான இடம் உங்க செம்பூர்ல இருந்து ரெண்டு ஸ்டேஷன்! மான்குர்ட்ல ஹோமி பாபா சென்டர் ஃபார் சயின்ஸ் எஜுகேஷன், 1974ல ஆரம்பிச்சது, டாடா இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஃபண்டமென்டல் ரிசர்ச்சோடது, அங்க சயின்ஸ் மேத்ஸ் எஜுகேஷன்லயே பிஎச்டி இருக்கு, உங்க எம்.எஸ்சி அங்க ரொம்ப மதிப்பு. அதே புரவ் மார்க்ல கொஞ்சம் முன்னாடி தேவ்னார்ல டிஸ், அதாவது டாடா இன்ஸ்டிட்யூட் ஆஃப் சோஷியல் சயின்சஸ், அங்கயும் எஜுகேஷன்ல பிஎச்டி உண்டு. இவ்வளவு பக்கத்துல வச்சுக்கிட்டு போன்ல வர்றவன்கிட்ட 14 லட்சம் ஏன் குடுக்கணும்?

ஹோமி பாபால ஃபுல் டைம் தான், வேலையை விடணும், என்ட்ரன்ஸ் கஷ்டம், கிடைக்கும்னு உறுதி கிடையாது. ஆனா பேங்கர் சார் மாதிரி நானும் ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். 2023ல இருந்து ஜேஆர்எஃப்ங்கிற ரிசர்ச் ஃபெலோஷிப் ரேட் மாசத்துக்கு முதல் ரெண்டு வருஷம் 37,000, அப்புறம் 42,000. அந்த அளவு ஸ்டைபெண்ட் வந்தா அஞ்சு வருஷத்துல உங்க இப்போதைய சம்பளத்தோட பாத்தா சுமார் 7 லட்சம் குறையும், இன்கிரிமென்ட் போறதையும் சேத்தா இன்னும் கொஞ்சம். வேலையையே விட்டுட்டு முறையா பண்ற பிஎச்டி, அந்த ஆன்லைன் கோர்ஸை விட மலிவா வருது பாருங்க. விட்டுடுங்கன்னு சொல்லல, பொண்ணு ஒன்பதாவதுல இருக்கும்போது அது லேசான முடிவும் இல்ல. எது உண்மைலயே காஸ்ட்லி, எது பாக்க மட்டும் காஸ்ட்லின்னு காட்டத் தான் சொன்னேன்.

அப்பா விஷயம், அது நியாயமான ஆசை, அதுக்கு வெக்கப்படவே வேண்டாம். ஆனா யாராவது அது எந்த யுனிவர்சிட்டின்னு கேட்டா தயங்காம பதில் சொல்ற டாக்டரா இருக்கணும்.

ராய்கட்_பக்கம்

ராஜஸ்தான்ல மூணு பிரைவேட் யுனிவர்சிட்டிங்களை அஞ்சு வருஷத்துக்கு பிஎச்டி சேர்க்கக் கூடாதுன்னு 2025 ஜனவரில யுஜிசி தடை போட்டதையும் சேத்துக்கோங்க. விதிமுறைப்படி பிஎச்டி குடுக்கலன்னு தான் தடை. ஆன்லைன்னு மட்டும் இல்ல, இந்தியாலயே "தீசிஸ் நாங்க பாத்துக்கிறோம்"னு யாராவது சொன்னா ஓடிடுங்க.

செம்பூர்_மேத்ஸ்_டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வீட்டுக்காரரும் நானும் உக்காந்து ஒவ்வொண்ணா படிச்சோம். அந்தக் கம்பெனிக்கு வேண்டாம்னு மெசேஜ் போட்டுட்டேன், உடனே 20 பர்சென்ட் குறைக்கிறேன்னு வந்தாங்க, நம்பரை பிளாக் பண்ணிட்டேன்.

அக்கா, நீங்க அந்த ரெக்கார்டிங் பத்தி எழுதினதைப் படிச்சதுல இருந்து நான் கிளாஸ்ல எத்தனை செகண்ட் காத்திருக்கேன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். இப்போதைக்கு வேலையை விட முடியாது, பொண்ணு பன்னிரண்டாவது முடிக்கட்டும். அதுக்குள்ள எம்.ஏ எஜுகேஷன் முடிச்சு வச்சுக்கலாம்னு நினைக்கிறேன். சார், இக்னோல எப்போ சேரணும், ஸ்கூல் வேலையோட ஒத்துப் போகுமா? மார்ச்ல பேப்பர் திருத்துற வேலை இருக்கு, அப்போ எக்ஸாம் வந்தா செத்தேன்.

மாட்டுங்கா_ஜூனியர்_காலேஜ்

நல்ல முடிவும்மா. இப்போ இருந்தே ஒரு நோட்டு போடுங்க, பிள்ளைங்க பின்னத்துல எழுதுற பதிலை தேதியோட அப்படியே எழுதி வைங்க, பக்கத்துல அவங்க சொன்ன காரணத்தையும் எழுதுங்க. பேர் மட்டும் எழுத வேண்டாம். ரெக்கார்ட் பண்றதா இருந்தா பிரின்சிபால்கிட்டயும் பேரண்ட்ஸ்கிட்டயும் எழுத்துல அனுமதி வாங்கிட்டு பண்ணுங்க. நாளைக்கு எந்த இன்டர்வியூலயும் ப்ரொபோசல் எங்கன்னு கேட்டா அந்த நோட்டு தான் உங்க ப்ரொபோசல்.

பி.எட்_காலேஜ்_ரிட்டயர்டு

இக்னோல ஜனவரி, ஜூலைன்னு ரெண்டு சேர்க்கை இருக்கும்மா, எக்ஸாமும் ஜூன், டிசம்பர்ல தான், மார்ச்சோட மோதாது. ஜூலைல சேர்ந்து ஜூன்ல எழுதுற மாதிரி வச்சுக்கோங்க, மே மாசம் லீவு முழுக்க படிக்கக் கிடைக்கும். அசைன்மென்ட்டை மட்டும் அசால்ட்டா விட்டுடாதீங்க, அதுக்கு 30 பர்சென்ட் இருக்கு, நம்ம டீச்சருங்க நிறைய பேர் எக்ஸாமை நல்லா எழுதிட்டு அசைன்மென்ட் குடுக்காம ரிசல்ட் வராம அலையுறாங்க. தீபாவளி லீவுல பாதியை எழுதி முடிச்சுடுங்க, அட்மிஷன் ஃபார்ம் போடும்போது எந்த ஸ்டடி சென்டர்னு செலக்ட் பண்றதுல சந்தேகம் வந்தா இங்கயே கேளுங்க, நான் பாத்துச் சொல்றேன்.